கையறுநிலை – ஒரு சொல்லின் வரலாறு

கையறுநிலை என்ற சொல் இன்று நாளிதழ்களில் அடிக்கடி கண்ணில் படுகின்றது. வெள்ளம் வந்தால் விவசாயி கையறுநிலையில் நிற்கின்றான். மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டால் வைத்தியசாலை நிர்வாகம் கையறுநிலையில் இருக்கின்றது. பேச்சுவார்த்தை முறிந்தால் அமைச்சரும், தீர்மானம் நிறைவேறாவிட்டால் ஐக்கிய நாடுகள் சபையும் அதே நிலைக்கு வந்துவிடுகின்றார்கள். எவர் எதனைச் செய்ய முடியாமற் போனாலும், அல்லது செய்யாமல் விட்டாலும், தலைப்பிடுவதற்கு இந்த ஒரு சொல் போதுமானதாகிவிட்டது.

செய்தித்தாளில் நெடுங்காலம் சொற்களை எண்ணி எண்ணித் தலைப்பிட்டவன் என்ற முறையில் இந்தச் சொல்லைப் பற்றிச் சற்று விரிவாக எழுத விரும்புகின்றேன். இது பழைய சொல். அதன் பழமையைவிட முக்கியமானது, அது முதலில் யாருக்கு உரியதாக இருந்தது என்பது.

சொல்லைப் பிரித்தால் கை, அறு, நிலை என்று மூன்றாகும். கை என்பது இங்கே உறுப்பை மட்டும் குறிப்பதன்று, செயலையும் குறிக்கும். எனவே கையறுதல் என்றால் செயலற்றுப் போதல் என்று உரையாசிரியர்கள் பொருள் கொண்டார்கள். தமிழில் மனிதனின் ஆற்றல் முழுவதும் கையிலேதான் இருக்கின்றது. உதவினால் கைகொடுத்தான் என்கிறோம். உதவ மறுத்தால் கைவிரித்தான். இடைநடுவில் விட்டுப் போனால் கைவிட்டான். தனக்குப் பொறுப்பில்லை என்று விலகினால் கைகழுவினான். செய்வதறியாதவன் கையைப் பிசைந்துகொண்டு நிற்கின்றான். அடங்கிப் போனவன் கைகட்டி நிற்கின்றான். இந்த வரிசையின் கடைசிப் படியில் இருப்பதுதான் கை அற்றுப்போதல்.

இதனோடு சேர்த்துக் குழப்பக்கூடாத இன்னொரு சொல் கையாலாகாத்தனம். அது வசைச் சொல். செய்ய வேண்டியதைச் செய்யத் திராணியற்றவனை நோக்கிச் சொல்லப்படுவது. யாழ்ப்பாணத்துப் பேச்சில் ஏலாவாளி என்பார்கள். ஆனால் அதே பேச்சில் ‘அவருக்கு ஏலாமல் கிடக்குது’ என்றால் அதில் வசையில்லை. நோயுற்றுப் படுத்திருக்கின்றார் என்று பொருள். ஒரே ‘ஏலாது’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு, ஒருவனைக் குறை சொல்லவும் இன்னொருவருக்காக இரங்கவும் எங்கள் ஆச்சிமாருக்குத் தெரிந்திருந்தது. இயலாமையில் இரண்டு வகை உண்டு என்பது அவர்களுக்குப் புத்தகம் படித்து வந்த அறிவன்று.

இனிப் புத்தகத்துக்கு வருவோம். தொல்காப்பியத்தின் பொருளதிகாரத்தில், புறத்திணையியலில், நிலையாமையைப் பேசும் காஞ்சித்திணையில் கையறுநிலை ஒரு துறையாக வருகின்றது. இறந்துபோனவர்களை எண்ணி, பின்னே எஞ்சியிருப்பவர்கள் புலம்புவது என்பது அதன் இலக்கணம். பின்னர் ஐயனாரிதனார் புறப்பொருள் வெண்பாமாலையில் இதனைக் கரந்தையிலும் பொதுவியலிலும் வைத்தார். புறநானூற்றுப் பாடல்களின் அடிக்குறிப்புகளில் ‘திணை: பொதுவியல், துறை: கையறுநிலை’ என்று இருப்பதை மாணவர்கள் அறிவார்கள்.

இந்த நூல்கள் ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்த கதையில் எங்கள் மண்ணுக்கும் பங்குண்டு. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியைச் சேர்ந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தைப் பதிப்பித்தார். உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை வெளியிட்டார். செல்லரித்துக்கொண்டிருந்த ஏடுகளில் கிடந்த சொல், இவர்கள் கைபட்டுப் பொதுவாசகரிடம் வந்து சேர்ந்தது.

புறநானூற்றில் இத்துறையில் அமைந்த பாடல்களைத் தொடர்ந்து படித்தால் ஒன்று தெளிவாகும். 112ஆம் பாடலைப் பாடியவர்கள் பாரியின் மகளிர். மூவேந்தர் முற்றுகையில் தந்தையையும் பறம்பு மலையையும் இழந்த பெண்கள், சென்ற மாதத்து முழுநிலவையும் இந்த மாதத்து முழுநிலவையும் அடுத்தடுத்து வைத்துப் பேசுகின்றார்கள். ஐந்தே அடிகள். 235இல் அதியமான் நெடுமான் அஞ்சியை இழந்த ஔவையார், அவன் எதனை யாரோடு எவ்வாறு பகிர்ந்துண்டான் என்பதை ஒவ்வொன்றாக நினைவுகூருகின்றார். 242இல் குடவாயிற் கீரத்தனார், ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்த பின்பு, பூத்து நிற்கும் முல்லையிடம் கேள்வி கேட்கின்றார். 243இல் தொடித்தலை விழுத்தண்டினார் என்னும் முதியவர் இழந்தது வேறொருவரையன்று, தம் இளமையையே. கோலூன்றி நிற்கும் கிழவர், குளத்தில் துள்ளிப் பாய்ந்த சிறுவனுக்காக இரங்குகின்றார். இதனையும் கையறுநிலை என்றே துறை வகுத்தார்கள்.

இவர்களில் எவரும் சும்மா செயலற்று நிற்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். செயல் அற்றுப்போனது உண்மை. இறந்தவனை மீட்கும் வழி எவரிடமும் இல்லை. ஆனால் பேச்சு அறவில்லை. இறந்தவன் பெயர் என்ன, ஊர் எது, எப்படி வாழ்ந்தான், அவன் போனதால் எது எதெல்லாம் இல்லாமற் போயிற்று என்று அவர்கள் பதிவு செய்கின்றார்கள். பறம்பின் மீது படையெடுத்த வேந்தர்களின் பெருமையைவிட, அவர்களால் இழப்புற்ற இரண்டு பெண்களின் ஐந்து அடிகள் இன்று தமிழர் வாயில் நிற்கின்றன. இலக்கணம் கையறுநிலை என்று பெயரிட்டது இழந்தவர்களின் இந்தப் பேச்சுக்குத்தான்.

கபிலரின் கதை இன்னும் ஒரு படி மேலே செல்கின்றது. பாரி இறந்ததும் அவர் பறம்பை நோக்கி விடைபெற்றுக் கையறுநிலைப் பாடல் பாடினார். பாடிவிட்டு அமர்ந்துவிடவில்லை. நண்பனின் மகளிரை அழைத்துக்கொண்டு நடந்தார். விச்சிக்கோனிடம் சென்று இவர்களை மணந்துகொள் என்று கேட்டார். இருங்கோவேளிடம் சென்று கேட்டார். அவர்கள் உடன்படவில்லை. இறுதியில் அந்தப் பெண்களைப் பார்ப்பாரிடம் அடைக்கலப்படுத்திய பின்னரே வடக்கிருந்தார் என்று 236ஆம் பாடலின் குறிப்புக் கூறுகின்றது. அந்தப் பாடலும் கையறுநிலைதான். கையற்றுப் போனேன் என்று பாடிய புலவர், செய்யக்கூடிய கடைசிக் கடமை மிச்சமிருக்கும்வரை ஓயவில்லை.

பிற்காலத்துப் பாட்டியல் நூல்கள் கையறுநிலையைத் தனியொரு பிரபந்த வகையாகவும் எண்ணின. ஈழத்தில் இந்த மரபு வேறொரு பெயரில் வீட்டுக்கு வீடு வாழ்ந்தது. யாழ்ப்பாணத்தில் ஒருவர் காலமானால் அந்தியேட்டி நாளில் ‘கல்வெட்டு’ என்னும் சிறு நூலை அச்சிட்டு வழங்குவார்கள். பெயர் கல்வெட்டு என்றாலும் அது காகிதந்தான். இறந்த திதியைக் கூறும் வெண்பா, குலமரபு, பிறப்பு, கல்வி, தொழில், திருமணம் என்று வரலாறு வரும். பின்னர் மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல் என்று ஒவ்வோர் உறவின் வாயாகவும் பாடல்கள் வரும். ஊரிலுள்ள புலவர் ஒருவரோ தமிழ் வாத்தியாரோ இதனை எழுதிக் கொடுப்பார். சபையில் உரக்கப் படிப்பார்கள். செய்யுளாகப் பார்த்தால் பெரும்பாலானவை சாதாரணமானவை. ஆனால் ஒரு விவசாயிக்கும் ஒரு கடைக்காரருக்கும் அவர்கள் மறைந்த பின்பு ஒரு வரலாறு அச்சில் இருந்தது. பாரிக்குக் கிடைத்தது பரமுவுக்கும் கிடைத்தது.

வாய்மொழியில் ஒப்பாரி இருந்தது. செத்தவீட்டில் பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு அழும்போது, இறந்தவரின் குணமும் குறையும், குடும்பத்துச் சண்டையும், கொடாமல் விட்ட கடனும்கூட வெளிவரும். பறை ஒலிக்கும். அயலவர் பந்தல் போடுவார்கள். அடுத்த வீட்டில் உலை ஏறும். கையறுநிலையில் ஒரு வீடு இருக்கும்போது சுற்றியுள்ள வீடுகள் கை ஆகின்றன என்பதே இந்த ஏற்பாட்டின் பொருள்.

பத்திரிகைத் தமிழ் வேறு வழியில் போயிற்று. நான் தொழிலுக்கு வந்த நாள்களில் ஆசிரிய பீடத்தில் கையறுநிலை என்ற சொல் அதிகம் புழங்கியதில்லை. அதன் இடத்தில் இருந்தவை நிர்க்கதி, அகதி என்ற இரண்டு வடசொற்கள். கதி என்றால் போக்கு, புகலிடம். கதி இல்லாதவன் அகதி. முன்பு ஆதரவற்ற எவரையும் குறித்த சொல், எங்கள் காலத்தில் ஒரு மக்கள் கூட்டத்தின் நிரந்தரப் பெயராயிற்று. 1958இலும் 1977இலும் 1983இலும் கொழும்பிலிருந்து கப்பலேறிக் காங்கேசன்துறையில் இறங்கியவர்கள் அகதிகள். பாடசாலைகள் அகதி முகாம்கள். கொடுக்கப்பட்ட அரிசி அகதி நிவாரணம். பிற்பாடு அலுவலகத் தமிழ் இவர்களை ‘இடம்பெயர்ந்தோர்’ என்று மாற்றியது. இடம்பெயர்ந்தோர் என்னும்போது அவர்கள் தாமாகவே எழுந்து நடந்தவர்கள் போன்ற தோற்றம் வந்துவிடுகின்றது. அகதி என்ற சொல்லில் வலி இருந்தது. புதிய சொல்லில் அது இல்லை.

இந்த இடத்தில் எமக்குச் சங்கடமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1990 ஒக்டோபர் இறுதியில் வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் அது நடந்தது ஒக்டோபர் 30ஆம் திகதி. சில மணி நேர அவகாசந்தான். ஏறத்தாழ 75,000 பேர் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் வெறுங்கையராகப் போனார்கள். பெரும்பாலோர் புத்தளத்தில் ஒதுங்கினார்கள். அயலவர்களான தமிழர்களில் பலர் வருந்தினார்கள், சிலர் அழுதார்கள். எங்களால் என்ன செய்ய முடியும் என்றார்கள். துப்பாக்கிக்கு முன்னால் அது உண்மைதான். ஆனால் அந்த ஆயுத அச்சம் நீங்கிய பின்பும், திரும்பி வந்தவர்களின் காணியும் வீடும் பள்ளிவாசலும் பற்றிப் பேச்சு எழுந்தபோதும், அதே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் உண்டு. முதல் நாளில் சொன்னது இயலாமை. இருபது ஆண்டு கழித்துச் சொன்னால் அதற்குப் பெயர் வேறு.

ஐந்து ஆண்டுகள் கழித்து, அதே ஒக்டோபர் 30ஆம் திகதி, 1995இல், வலிகாமத்து மக்கள் மழையில் நனைந்தபடி நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போனார்கள். சில இலட்சம் பேர். இந்த இரண்டு நாள்களையும் ஒரே மூச்சில் நினைவுகூரத் தயங்குபவர்கள் எங்களிடையே இன்றும் இருக்கின்றார்கள். இரண்டும் ஒன்றல்ல என்பார்கள். காரணங்கள் ஒன்றல்ல, செய்தவர்களும் ஒருவரல்லர். வீட்டைப் பூட்டித் திறப்பை மடியில் செருகிக்கொண்டு நடந்த கிழவிக்கு வேறுபாடு எதுவும் இருந்திருக்காது.

2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் நடந்தது, கையறுநிலை என்ற துறையையே முறித்தது. வீழ்ந்தவர்களை வீழ்ந்த இடத்தில், பதுங்குகுழிக்குள்ளேயே மண்ணைத் தள்ளி மூடிவிட்டு நடந்தார்கள். சிலரை மூடவும் நேரம் கிடைக்கவில்லை. ஒப்பாரிக்கு அயலவர் வேண்டும், இடம் வேண்டும், ஓர் இரவாவது வேண்டும். எதுவும் இருக்கவில்லை. உயிர் தப்பியவர்கள் பல மாதம் கழித்து முட்கம்பி முகாம்களில் இருந்து வெளிவந்த பின்னரே அழத் தொடங்கினார்கள். அதன் பின்பும், பொதுவெளியில் சேர்ந்து விளக்கேற்றப் பல ஆண்டுகள் தடை இருந்தது. 2021 ஜனவரி 8ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடித்துத் தள்ளப்பட்டது. மாணவர்களின் உண்ணாவிரதத்துக்கும் பரவலான எதிர்ப்புக்கும் பின்னர் மீண்டும் எழுப்பப்பட்டது. எஞ்சியவர் புலம்புவதற்கான உரிமையே இங்கு வழக்குக்குரிய பொருளானது.

ஆனால் இவர்களுக்காவது இறந்தவர் இறந்தார் என்று தெரியும். கையறுநிலையின் இலக்கணத்துக்குள் வரவே முடியாத ஒரு கூட்டம் எம்மிடையே இருக்கின்றது. அவர்கள் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள்.

தொல்காப்பியர் துயரங்களை நுட்பமாகப் பிரித்துப் பெயரிட்டவர். மனைவியை இழந்தவன் நிலை தபுதாரநிலை. கணவனை இழந்து நோன்பிருப்பவள் நிலை தாபதநிலை. வழிப்பயணத்தில் கணவனைப் பறிகொடுத்து நடுக்காட்டில் தனித்து அழுபவளின் நிலை முதுபாலை. இத்தனை பெயர்களிலும், உயிரோடு இருக்கின்றானா இல்லையா என்று தெரியாமல் காத்திருப்பவளுக்குப் பெயரில்லை. புறநானூற்றின் 86ஆம் பாடலில், உன் மகன் எங்கே என்று கேட்கப்பட்ட காவற்பெண்டு, தெரியாது என்றே விடை சொல்கின்றாள். ஆனால் அது பெருமிதம். எந்தப் போர்க்களத்தில் நிற்கின்றானோ என்பது அதன் பொருள். அதே கேள்வி இன்று கிளிநொச்சியில் ஒரு தாயிடம் கேட்கப்பட்டால் அதே விடைதான் வரும். பெருமிதம் வராது.

இந்தத் தாய்மாரின் வரிசை நீளமானது. 1984இல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி உருவானது, கைது செய்து கொண்டுசெல்லப்பட்ட பிள்ளைகளைத் தேடித்தான். 1990இல் தெற்கில், ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலத்தில் பறிகொடுத்த பிள்ளைகளுக்காகச் சிங்களத் தாய்மாரும் அதே பெயரில் திரண்டார்கள். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் வீதியோரக் கொட்டகையில் உறவுகள் அமர்ந்தார்கள். சில நாள்களில் வவுனியாவிலும் அமர்ந்தார்கள். இறுதிப் போரின் முடிவில் தம் கையாலேயே படையினரிடம் ஒப்படைத்தவர்கள் எங்கே என்பது அவர்களில் பலரின் கேள்வி.

அரசு 2016இல் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்குச் சட்டம் இயற்றியது. 2020 ஜனவரியில், அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச, ஐக்கிய நாடுகள் சபையின் வதிவிட இணைப்பாளரைச் சந்தித்தபோது, காணாமற்போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள் என்று கூறியதாக அவருடைய அலுவலகமே அறிவித்தது. உரிய விசாரணைக்குப் பின் மரணச் சான்றிதழ் வழங்க நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் அந்த அறிவிப்பில் இருந்தது. எங்கே இறந்தார்கள், எப்போது, எவர் கையில் என்பது அதில் இல்லை.

தாய்மார் இதனை ஏற்கவில்லை. ஏற்பதும் எளிதன்று. சான்றிதழை வாங்கினால் திதி குறிக்க வேண்டும். எந்த நாளில் குறிப்பது? அந்தியேட்டி செய்ய வேண்டும். செய்த மறுநாள் பிள்ளை வந்து படலையைத் தட்டினால்? அவர்கள் ஒப்பாரி சொல்லவும் முடியாது, சொல்லாமல் இருக்கவும் முடியாது. அந்தக் கொட்டகைகளில் இருந்த பெற்றோர் பலர் விடை தெரியாமலே இறந்துபோனார்கள். அவர்களுக்குக் கல்வெட்டு எழுதினால், மகனின் பெயருக்கு முன்னால் ‘அமரர்’ என்று போடுவதா விடுவதா என்று எந்தப் புலவரால் முடிவு செய்ய இயலும்?

ஆகவே நாளிதழ்களில் இன்று எழுதும் இளைய நண்பர்களுக்கு ஒன்றைச் சொல்ல விரும்புகின்றேன். கையறுநிலை என்று தலைப்பிடுமுன் அந்த ஆளுக்கு உண்மையிலே கை அற்றுப்போயிற்றா என்று பாருங்கள். விதையை வெள்ளத்தில் இழந்த விவசாயிக்கு அந்தச் சொல் பொருந்தும். கோப்பும் முத்திரையும் பொலிஸும் படையும் கையில் வைத்திருக்கும் அமைச்சருக்கு அது பொருந்தாது. அவருக்கு வேண்டுமானால் கைவிரித்தார் என்று எழுதுங்கள். கைகழுவினார் என்று எழுதுங்கள். தமிழில் கைக்குப் பஞ்சமில்லை. இழந்தவனின் சொல்லை, இழப்புக்குப் பொறுப்புச் சொல்ல வேண்டியவனிடம் எடுத்துக் கொடுக்காதீர்கள்.

கிளிநொச்சித் தாய்மாரைப் பற்றி எழுதும்போதும் இந்தச் சொல்லைத் தவிர்த்துவிடுங்கள். அது இறந்தவரைப் பாடும் துறை. தம் பிள்ளை இறந்தான் என்று அவர்கள் ஒருபோதும் சொல்லவில்லை. இறந்திருந்தால் அந்த உண்மையை ஆதாரத்தோடு தாருங்கள் என்றுதான் கேட்கின்றார்கள். அது கிடைக்கும் நாளில் தங்கள் கையறுநிலையை அவர்கள் தாமே பாடிக்கொள்வார்கள். அதுவரை அவர்களை, தேடுகின்றவர்கள் என்று மட்டும் எழுதினால் போதும்.